கையுறைக் கையெழுத்து

விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் லாரி வந்துவிடும். ஊரே புரண்டு படுக்கிற நேரத்தில் எங்களுக்கு முதுகு நனைந்திருக்கும். மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணி முழுவதும் எங்கள் சலவை ஆலைக்குத்தான் வருகிறது. ரத்தம் காய்ந்த விரிப்புகள், வாந்தி பட்ட தலையணை உறைகள், ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகள். வாசலில் மூட்டை பிரிக்கும் மூட்டைக்காரம்மா ஒவ்வொன்றையும் இரண்டு தரம் உதறிய பிறகுதான் உள்ளே தள்ளுவார். ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். ஒருமுறை ஒரு பல்செட்டே வந்தது. கழுவிப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பினோம்.

"ஒரு நன்றி கூடச் சொல்லல பாரு" என்றேன்.

"பல்லு இல்லாம எப்படிக்கா சொல்லுவாங்க?" என்றாள் கொட்டாவி.

கொட்டாவி என்பது நாங்கள் வைத்த பெயர். காலை ஷிப்டில் வாயைத் திறந்தால் ஏழு மணிவரை மூடமாட்டாள். இருபது வயது. துவைத்துப் பிழிந்த விரிப்பு, கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே புகுந்து இஸ்திரியாகி வெளியே வரும். அதை மடிப்பது எங்கள் வேலை. ஒரு முனையில் நான், எதிர் முனையில் அவள், ஆளுக்கு இரண்டு மூலை. இழு, சேர், நடந்து வா, கொடு. ஒரு நாளைக்கு நானூறு தடவை ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கிற வேலை இது. தலைவலியோ, வீட்டில் சண்டையோ, என்னிடமிருந்து அவள் எதையும் மறைக்க முடியாது.

எங்கள் சூப்பர்வைசருக்கு அட்டை என்று பெயர். ஒட்டினால் லேசில் விடமாட்டான். ஆலையின் பின்பக்கம் துணி அடுக்கும் ஸ்டோர் ரூம் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. "கணக்கு இடிக்குது, ஸ்டோருக்கு வா" என்பான். யாரைக் கூப்பிடுகிறான் என்பதை வைத்தே எதற்குக் கூப்பிடுகிறான் என்று தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்த அறைக்குள் தனியாகப் போனவள்தான். வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மிச்ச விரிப்புகளை மடித்தேன். அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதீர்கள்.

பிறகு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். அவன் கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவள் கையிலிருக்கும் விரிப்பை விடமாட்டாள். எதிரே நிற்பவளும் விடமாட்டாள். விரிப்போடு இரண்டு பேரும் ஸ்டோர் வாசலில் போய் நிற்போம். "கீழ விட்டா அழுக்காயிடும் சார், மறுபடியும் துவைக்கணும், நீங்கதான் திட்டுவீங்க" என்போம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு "போங்க, போங்க" என்பான். ஆறு வருஷம் அந்த விரிப்புத் துணிதான் எங்களைக் காப்பாற்றியது. சுவரில் ஒரு சட்டமும் தொங்கியது. பெண்களுக்குத் தொல்லை கொடுத்தால் தண்டனை, குழுவிடம் புகார் செய்யவும் என்று எழுதிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். நீராவி படிந்து எழுத்தே தெரியாது. யார் அந்தக் குழு என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

போன மாதம் முதலாளி மடிக்கும் இயந்திரங்கள் வாங்கிப்போட்டார். ஓர் இயந்திரத்துக்கு ஒருத்தி போதும். எங்களில் ஒன்பது பேரை மறுநாளே நிறுத்தினார்கள். மிச்சம் இருந்தவர்களை ஆளுக்கொரு மூலையில் போட்டார்கள். இயந்திரத்துக்கு எது மூலை, எது துணை? அதன் இரைச்சலில் பத்தடி தள்ளி நிற்பவள் கத்தினாலும் கேட்காது.

அன்று புதன்கிழமை. நான் நிமிர்ந்து பார்த்தபோது கொட்டாவியின் இடம் காலியாக இருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, பொய் சொல்கிறேன். அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். கால் நகரவில்லை. எட்டு விரிப்பு என் இயந்திரத்தில் ஓடி முடிகிறவரை நான் அங்கேயே நின்றேன், பாவி.

ஒன்பதாவது விரிப்பு வரும்போது அவள் வந்தாள். உதடு கிழிந்திருந்தது. கழுத்தில் நகக்கீறல். தன் இயந்திரத்தின் முன்னால் போய் நின்று விரிப்பை எடுத்தாள், தலைகீழாகப் போட்டாள், மறுபடியும் எடுத்தாள். நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கி இயந்திரத்தை நிறுத்தினேன்.

"அக்கா, வேலை போயிடும்கா" என்றாள்.

"போகட்டும் வா."

வாய்தான் அப்படிச் சொன்னது. என் வேலையும் போகுமே என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "வேலை செய்யற இடத்துப் பிரச்சினைம்மா. அதுக்குத் தனிச் சட்டம், தனி ஆபீஸ் இருக்கு. தொழிலாளர் ஆபீசுக்குப் போங்க" என்றார் எழுதுகிறவர். ஒரு வரி எழுதவில்லை. கிழிந்த உதட்டை மட்டும் நன்றாகப் பார்த்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் ஓர் அதிகாரியம்மா இருந்தார். மேசையில் அவர் முகம் தெரியாத அளவுக்கு ஃபைல்கள். கொட்டாவிக்குத் தண்ணீர் கொடுத்தார், குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் ஆலையின் ஃபைலைத் தேடி எடுத்தார்.

"உங்க கம்பெனியில குழு இருக்கேம்மா. சட்டப்படி புகாரை முதல்ல அங்கதான் கொடுக்கணும். குழு அறிக்கை வந்தாதான் நான் உள்ளே வந்து விசாரிக்க முடியும்."

"குழுவா? எங்க இருக்கு மேடம்? நாங்க பார்த்ததே இல்லையே."

"மூணு பேர். தலைவி, முதலாளியோட மனைவி. அப்புறம் சூப்பர்வைசர்."

கொட்டாவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அட்டைதான் குழுவாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது.

"தொழிலாளர் சார்புல ஒருத்தர்" என்று சொல்லி அதிகாரியம்மா ஒரு பெயரை வாசித்தார்.

அது என் பெயர். அப்பா பெயரோடு, வீட்டு விலாசத்தோடு.

"வருஷா வருஷம் அறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்காங்க. 'இந்த ஆண்டு புகார் எதுவும் இல்லை.' மூணு வருஷமா. இவங்களைப் போய்ப் பாருங்க."

"மேடம், அது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொட்டாவியும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அடிப்பாவி, நீயா என்று கேட்கிற பார்வை.

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான், சந்தேகமே இல்லை. மை கொஞ்சம் கலைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ரப்பர் கையுறை கொடுப்பார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில், கையுறை வாங்கியதற்கு என்று அட்டை ஒரு தாளை நீட்டுவான். மேல் பாதியை உள்ளங்கையால் மூடியிருப்பான். "ஈரக் கையை மேல வைக்காத, தாள் நாறிடும், கீழ மட்டும் போடு" என்பான். நாள் முழுவதும் நீராவியில் நனைந்த கை. காகிதம் கெட்டுவிடுமே என்று விரல் நுனியால் பேனாவைப் பிடித்து, பயபக்தியோடு கையெழுத்துப் போட்டேன். ஒரு ஜோடி கையுறைக்காக!

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானூறு கம்பெனிக்கு நான் ஒருத்தி. எல்லா ஃபைலும் இப்படித்தாம்மா இருக்கு, அவ்வளவு அழகா. இந்த அறிக்கை இல்லன்னா ஆஸ்பத்திரிக்காரங்க உங்க முதலாளிக்குக் கான்ட்ராக்ட் தரமாட்டாங்க, அதுக்காகப் பண்ணது."

"அப்ப சட்டம் எதுக்கு மேடம்?"

அவர் ஒரு மனுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "எதிர்ப் பார்ட்டி குழுவுல உட்காரக் கூடாது. தலைவி வரலைன்னாலும் புகாரை வாங்கி, வாக்குமூலம் எழுதி எனக்கு அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கு. அந்தப் பொண்ணு மனுவை உங்ககிட்டதான் கொடுக்கணும். அது என் கைக்கு வந்தா நான் வருவேன். வரலைன்னா என்னால வர முடியாது."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொட்டாவி, "வேணாம்னா விட்டுடுங்கக்கா. உங்களுக்குப் பொண்ணு இருக்குல்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் அட்டை எங்கள் தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகளை நிறுத்தி, "அம்மா இருக்காங்களா? நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் அதைச் சாதாரணமாக வந்து சொன்னாள். என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. கதவைத் தாழிட்டேன், ஜன்னலைச் சாத்தினேன், மறுபடியும் போய்த் தாழைப் பார்த்தேன். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். இருந்திருந்தாலும் நமக்கு ஏன் வம்பு என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பேச்சை அன்று நானே எனக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டேன். என்ன யோசித்தாலும் நான் நின்ற அந்த எட்டு விரிப்பு நேரம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மூட்டைக்காரம்மாவிடம் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நீதான் கமிட்டியா? அடி என் கமிட்டி! இத்தனை நாள் எங்கடி போயிருந்த?"

"தெரியாம இருந்தேன்க்கா."

"சரி, இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல. எத்தனை மணிக்குக் கூட்டம்?"

ஆறரைக்கு மடிப்பு மேசையைச் சுற்றி எல்லாரும் வந்துவிட்டார்கள். பதினான்கு பெண்கள். இயந்திரங்கள் நின்றன. அந்த நிசப்தம் எங்களுக்கே பயமாக இருந்தது. அட்டை ஓடி வந்தான், கத்தினான், யாரும் அசையவில்லை என்றதும் முதலாளிக்குப் போன் போட்டான். அரை மணியில் கார் வந்தது.

"என்ன நடக்குது இங்க? ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் துணி இல்லாம நிக்கறாங்க!" என்றார் முதலாளி.

"குழுக் கூட்டம் சார்" என்றேன்.

"என்ன குழு? யார் குழு?"

"நான்தான் சார். அம்மாவும் வரணும், அவங்கதான் தலைவி. வராட்டியும் நான் மனு வாங்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். அட்டை தரையைப் பார்த்தான். முதலாளி சிரித்தார். "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? அது சும்மா ஃபைலுக்கு. நீ கிளவுசுக்குப் போட்ட கையெழுத்தும்மா அது!"

பதினான்கு பெண்கள் முன்னால் அவரே சொல்லிவிட்டார். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அது அவருக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படின்னா குழு பொய்யா சார்? பொய்னா, ஆபீஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் போய் அப்படியே சொல்லிடறேன். நிஜம்னா நான் இப்ப விசாரிக்கணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"மிரட்டறியா? நாளைக்கே வேற ஆள் போடுவேன். இந்த மெஷினுக்கு ஆள் கிடைக்காமலா போயிடும்?"

"போடுங்க சார்" என்றார் மூட்டைக்காரம்மா. "ஊசி எந்த மூட்டையில இருக்கும்னு அவங்களுக்கு ஒரு மாசத்துல பழகிடும். அதுவரைக்கும் எத்தனை கை கிழியுதுன்னு பார்த்துக்குங்க."

"பாய்லரைப் போடுய்யா!" என்று முதலாளி பின்பக்கம் பார்த்துக் கத்தினார்.

பாய்லர்காரர் கதவோரத்தில் தலையை மட்டும் நீட்டினார். "பிரஷர் இறங்கிடுச்சு சார். ஏற எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்." பாய்லரின் பிரஷர் முள் இறங்கவே இல்லை என்று எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வக்கீலைக் கூப்பிடுகிறாரா, போலீசையா, தெரியாது. அட்டை நகராமல் நின்றான். கொட்டாவி அவனைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "சூப்பர்வைசர் கூட்டத்துல இருக்கக் கூடாது, சட்டத்துல இருக்கு" என்றேன். அவன் என்னை முறைத்து, "உன் பொண்ணு எந்தப் பக்கமா ஸ்கூலுக்குப் போகுதுன்னு தெரியும்" என்று மெல்லச் சொன்னான். என் காதுக்கு மட்டும் சொன்னதாக நினைத்திருப்பான். இயந்திரங்கள் ஓடவில்லை என்பதை மறந்துவிட்டான், முட்டாள். எல்லாருக்கும் கேட்டது.

"அதையும் எழுதிக்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"சாயங்காலம் பாப்பாவை நானே கூட்டிட்டு வரேன்" என்றாள் இன்னொருத்தி.

பெண்கள் ஒவ்வொருத்தியாக அவனுக்கும் மேசைக்கும் நடுவே வந்து நின்றார்கள். யாரும் அவனைத் தொடவில்லை. அவன்தான் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போக வேண்டியிருந்தது, கதவுக்கு வெளியே போகிறவரை.

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்தேன். அதிகாரியம்மா கொடுத்த படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். கொட்டாவி எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. மெதுவாச் சொல்லு."

அவள் சொன்னாள். நடுநடுவே நிறுத்தினாள். வெளியே முதலாளியின் குரல் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட் பக்கம் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

எழுதி முடித்துத் தாளைக் கொட்டாவி பக்கம் திருப்பினேன்.

"எழுத்து புரியுதா பாரு."

அவள் குனிந்து வரிவரியாகப் படித்தாள். "புரியுதுக்கா" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் எழுந்ததும் மூட்டைக்காரம்மா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபதை நெருங்குகிறவர். அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"எழுது" என்றார். "என்னோடது இருபது வருஷம் ஆச்சு. இந்த முதலாளியோட அப்பன் முதலாளியா இருந்தப்ப."

நான் புதுத் தாள் எடுத்தேன். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.