ஆறு மணிக்கு முன்பு வரும் மீன்கள்

எங்கள் கல்லூரியின் பெண்கள் விடுதி கேட்டை மாலை ஆறரைக்குப் பூட்டி, காலை ஆறுக்குத் திறப்போம். ஆண்கள் விடுதிக்கும் பூட்டு உண்டு. சாவி தொலைந்து எட்டு வருஷமாகிறது, யாரும் தேடவில்லை. நான் விலங்கியல் ஆசிரியை, பெண்கள் விடுதிக்கு வார்டனும்கூட.

ஜிஷா என் மாணவி, கொல்லங்கோட்டு மீனவர் வீட்டுப் பெண். விழிஞ்ஞத்தில் கரைக்கு வரும் மீன்களைப் பதினான்கு நாள் இனம் பிரித்து எண்ணுவது அவள் ப்ராஜெக்ட். மீன்பிடி வள்ளங்கள் விடிவதற்கு முன்பே கரையேறிவிடும். மீன்களுக்கு அவ்வளவுதான் ஒழுக்கம். சீக்கிரம் வெளியே போக அனுமதி கேட்டாள். பிரின்சிபால் கல்யாணராமன் பரிவோடு ஒரு வழி சொன்னார்: ப்ராஜெக்ட் கூட்டாளி ராகேஷ் போய் எண்ணட்டும், ஜிஷா அறையில் பத்திரமாக உட்கார்ந்து வரைபடம் போடட்டும். நானும் தலையாட்டினேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

ராகேஷின் கணக்கு வந்தது. ஜிஷா அதை என் மேஜையில் வைத்து, இரண்டு வரிகளில் விரலை ஊன்றினாள்.

"டீச்சரே, ரெண்டு ஞாயிறும் இவன் அயலை மீனு எண்ணியிருக்கான். அந்தச் சர்ச்சுக் கரையில ஞாயிற்றுக்கிழமை யாரு வள்ளம் எறக்குவா? எல்லாரும் பூசை காணப் போயிருப்பாங்க."

ராகேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். பதினான்கு நாளும் தூங்கிவிட்டதாகக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டான். அறிக்கையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஜிஷா போடாவிட்டால் பட்டம் இல்லை. சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தது.

"பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன். எண்ணுனா நான்தான் எண்ணணும்" என்றாள்.

விதியெல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் என்று, நோட்டீஸ் பலகையில் இருப்பதை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"டீச்சர் எப்பவாவது ஆறு மணிக்கு முன்ன வெளிய போயிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷமாக விடுதியிலேயே தங்கியிருக்கிறேன், சாவியும் என்னிடம்தான். ஒரு நாள்கூட இல்லை. தன்னையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறவளுக்கு வார்டன் என்று பெயர் போலிருக்கிறது. அதற்கு அலவன்ஸ் வேறு.

அன்று மாலையே விடுதிப் பதிவேட்டை விரித்து, மறுநாள் அதிகாலை நான்கு மணி என்று போட்டு, அவள் பெயரையும் அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். அவளுக்குப் பொறுப்பேற்கும் பாதுகாவலர் என்ற கட்டத்தில் நானே கையெழுத்திட்டேன். என் பெயருக்கு நேரேயும் அதே கட்டம் காலியாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் யாரிடம் போய் நிற்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கையில், ஜிஷா பேனாவை வாங்கினாள். கொஞ்சமும் சிரிக்காமல் அந்தக் காலிக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.