மிதிபலகையும் முப்பத்தேழு பாடல்களும்

கதிரவன் கூரைகளின் விளிம்பைத் தொட்டுத் தயங்கி நிற்கும் இளங்காலைப் பொழுதிலே, கடைக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேலெழும்ப, மழையில் நனைந்த கற்பாதையில் முதல் மிதிவண்டிகள் மணியொலித்துச் செல்ல, இரு மருங்கும் நெருங்கி நின்ற மாடி வீடுகளின் சாளரங்களில் உலர்துணிகள் காற்றில் அசைய, அந்தத் தையற்காரர் தெரு தன் நாளைத் தொடங்கும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காது ஒன்று இருந்தாலே போதும். பத்துப் பன்னிரண்டு கடைகளில் முப்பது நாற்பது தையற்பொறிகள் ஒருசேர முழங்கும்போது அயலார் செவியைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டுவர். அத்தெருவில் பிறந்தவரோ அவ்வோசை நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்வர். தமிழறிந்த நண்பரே, அந்த முழக்கத்தின் நடுவேதான் நம் பாடகி பிறந்தாள், வளர்ந்தாள், வாய் திறந்தாள்.

தெருவின் நடுக்கடையில் ஒரு கணவரும் மனைவியும் தொழில் நடத்தினர். கணவர் துணி வெட்டுபவர். அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் பேசிய அளவுக்குக்கூட அவர் வாய் பேசியதில்லை. மனைவி தைப்பவள், அவர் பேசாத பேச்சையும் சேர்த்து இவளே பேசித் தீர்த்துவிடுவாள். எடுத்த தையலைப் பாதியில் விட்டெழுந்தாள் என்று அவளைப் பிடிக்காதவரும் சொல்ல முடியாது. இவர்களுக்கு ஒரே மகள். பள்ளி விட்டு வந்ததும் முக்காலியில் அமர்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் வைப்பாள்; வைக்கும்போதே வாய்க்குள் எதையோ இசைத்துக்கொண்டிருப்பாள். ஓயாமல் ரீங்கரித்ததால் தெருவார் அவளை "வண்டு" என்று அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது.

அந்த ரீங்காரம் பிறர் பாடலன்று, அவளே கட்டியது என்பதைத் தாய் அறிந்தபோது மகளுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. சட்டைக் கழுத்தொன்றைத் தைத்துக்கொண்டிருந்தவள், நூல் மாற்றக் காலை நிறுத்தினாள். முக்காலியிலிருந்து வந்த பாட்டும் நின்றது. மீண்டும் மிதித்தாள், பாட்டும் விட்ட இடத்தில் தொடங்கியது.

பொத்தான் ஒன்று குறையுது அம்மா
பூட்டிக் கொள்ள வழியில்லை,
பொழுது முழுதும் தேடிப் பார்த்தேன்
போன இடமோ தெரியவில்லை.

"யாருடி கட்டின பாட்டு இது?"

"நான்தாம்மா. நீ மிதிக்கும்போது தானா வருது."

அந்த ஒரு சொல் போதாதா? அன்று முதல் தாய்க்குத் தலைகால் புரியவில்லை. தன் கால்தான் மகளின் பாட்டைப் பெற்றெடுக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, பாட்டு வரட்டும் என்பதற்காகவே தைக்க வேண்டாத துணிகளையும் தைத்தாள்.

மறு ஆண்டு, கைநீளம் குறைக்கத் தன் மேற்சட்டையைக் கொண்டுவந்த ஒலிப்பதிவாளர் ஒருவர், சட்டையை மறந்து அரைமணி நேரம் வாயிலிலேயே நின்றார். போகும்போது தம் பதிவறையில் ஒரு முற்பகல் பொழுதைப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லிப் போனார். ஆனால் அந்த அறையோ, தடித்த கம்பளி போர்த்திய சுவர்களுக்குள், ஊசி விழுந்தாலும் கேட்குமளவு அமைதி பூண்டு கிடந்தது. பிறந்தது முதல் அமைதி என்பதையே அறியாத பெண்ணுக்கு அது பேய்க்காட்டில் நிற்பது போலாயிற்று. மூன்று முறை தொடங்கினாள். மூன்று முறையும் குரல் தொண்டைக்குழியைத் தாண்டவில்லை. "அம்மா மிஷினோட வந்தா பாடுவேன்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர், மறுநாளும் வரச்சொன்னார்.

இங்கேதான் தையற்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை ஒன்று நேர்ந்தது. பெரிய இடத்துக்குப் போகிற பொறி அழுக்கோடு போகலாமா? தாய் மாலை முழுதும் அமர்ந்து அதைப் பிரித்துத் துடைத்து, மூட்டுக்கு மூட்டு எண்ணெயிட்டு, மணப்பெண்ணைப் போல் அணி செய்தாள். மறுநாள் கணவரும் வண்டிக்காரரும் மூச்சு வாங்க அதைச் சுமந்து நாலு மாடி ஏற்றி அறை நடுவே வைத்தனர். தாய் அமர்ந்து மிதித்தாள். பொறி பூனை நடை நடந்தது. ஓசை என்று மருந்துக்கும் இல்லை. மகள் முகத்தைப் பார்த்தாள் தாய். தாய் முகத்தைப் பார்த்தாள் மகள்.

"எண்ணெய் போட்டியாம்மா?"

"போட்டேன்டி. நல்லதுன்னு நினைச்சுத்தான் போட்டேன்."

தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது, அதுவரை வாய் திறவாத கணவர், பொறியைச் சுற்றிக்கொண்டுவந்த தடித்த சாக்கை எடுத்து நான்காய் மடித்து ஊசியின் கீழே தள்ளினார். "இதைத் தை" என்றார். தாய் மிதித்தாள். சாக்கைத் துளைக்க முடியாமல் ஊசி முரண்ட, பலகை அதிர, தடதடவென்று அந்தத் தெருவே அறைக்குள் எழுந்து வந்தது. மகள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். ஒரே மூச்சில், பிசகில்லாமல், முதல் பாடல் முடிந்தது.

அதன்பின் நடந்ததை நாடறியும். பொத்தான் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் பாடினர், சுமை தூக்குவோர் பாடினர், மழலையர் பல்லில்லா வாயால் பாடினர். வண்டு ஆண்டுக்கு ஒரு தொகுதி பாடல் கட்டினாள். பிறர் எழுதியதைப் பாடித்தரச் சொல்லி எத்தனையோ பேர் வந்தும், "நான் தைக்காத சட்டைக்கு நான் பேர் போட மாட்டேன்" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தாள். ஊர் ஊராய் அரங்கு ஏறினாள். ஏறிய அரங்கிலெல்லாம் நரம்புக்கருவிக்காரர் ஒருவர் இடப்புறம், தையற்பொறியோடு தாய் வலப்புறம். முதலில் நகைத்தவர்கள் பிறகு அதையே காணக் காத்திருந்தனர். தாய் அங்கும் வீணே மிதிப்பவளல்லள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தலையணை உறை என்று தைத்து முடிக்க, முன்வரிசையார் அதைப் போட்டி போட்டு வாங்கிப் போயினர். இருபது ஆண்டுகள் இப்படியே ஓடின. "என் காலு நின்னா இவ பாட்டு நொண்டும்" என்று தாய் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். மகள் மறுத்ததேயில்லை. வீட்டில் ஒலித்தட்டு சுழலும்போதும் தாய் செவிகொடுத்தது தன் மிதி எங்கேனும் பிசகிற்றா என்பதற்கே.

ஒரு பிற்பகல், அடுத்த அரங்கில் எத்தனை பாட்டு என்றறிந்து அத்தனை உறைகளுக்குத் துணி வெட்டி வைக்கலாமென்று, தாய் மகளின் அறைக்குள் சென்றாள். மகள் வெளியே போயிருந்தாள். மேசைமேல் கிடந்த குறிப்பேட்டைப் புரட்டினாள். பாடல்கள் இருந்தன, அவள் ஒருமுறையும் கேட்டிராத பாடல்கள். ஒவ்வொன்றின் குறுக்கும் ஒரு கோடு, கோட்டின் ஓரத்தில், "அம்மா காலுக்கு வராது." பக்கத்தைத் திருப்பினாள். "நடுவில் நிறுத்தம் அதிகம், அம்மாவுக்கு வராது." மீண்டும் திருப்பினாள். "ரொம்ப மெதுவு, வராது." எழுதிய நாள் ஒன்று பதினொரு ஆண்டு பழையது. விரல் விட்டு எண்ணினாள்; முப்பத்தேழு.

முதலில் அவளுக்கு வந்தது சினம். எனக்கா வராது? அரைநாளில் ஆறு சட்டை முடித்தவள் நான்! குறிப்பேட்டோடு கீழே வந்து பொறிமுன் அமர்ந்து, அந்த மெதுவான பாட்டின் அடிகளை வாய்விட்டுப் படித்தபடி மிதித்துப் பார்த்தாள். நண்பரே, மிதிபொறியை அறிந்தவர் இதையும் அறிவர்: ஓரளவுக்குக் கீழே வேகம் குறைந்தால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும், நூல் அறும். அறுந்தது. மறுபடி கோத்தாள், மறுபடி அறுந்தது. நிறுத்தம் வருமிடத்தில் நிறுத்தினாள். கையால் சக்கரத்தைத் தள்ளாமல் மீண்டும் புறப்பட முடியவில்லை. ஏழாம் முறை நூல் அறுந்தபோது அவள் சினமும் அதனோடு அறுந்துபோயிற்று. இருபது ஆண்டுகளாய்த் தூக்கிவிட்டோம் என்று மார்தட்டியவள், பாதி வழியில் கையைப் பிடித்து நிறுத்தியும் இருந்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தெரியும். சொல்லாதீங்கப்பான்னு கேட்டுக்கிட்டா."

மாலையில் மகள் வந்தாள். தாய் முட்டியைத் தடவிக்கொண்டே, "இனிமே என்னால மேடைக்கு வர முடியாதும்மா. முட்டி விட்டுப்போச்சு" என்றாள். பொய்தான், ஆனால் அதைவிடத் தூய பொய்யை நான் கேட்டதில்லை.

மகள் சற்றும் தயங்கவில்லை. "சரிம்மா. அப்போ நானும் நிறுத்திக்கிறேன். போதும், இருபது வருஷம் பாடியாச்சு."

விட்டுக்கொடுக்க வந்த இடத்தில் எல்லாமே கைநழுவப் பார்க்கிறதே! தாய் பொய்யைத் தூக்கி எறிந்துவிட்டுக் குறிப்பேட்டை மகள்முன் வைத்தாள்.

"முட்டிக்கு ஒண்ணுமில்லை. இந்த முப்பத்தேழும் என்ன பாவம் பண்ணுச்சு, அதைச் சொல்லு."

மகள் குறிப்பேட்டை எடுத்து மூடினாள்.

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் முதல்ல ஒதுக்கி வச்சேன். அப்புறம் அது மட்டும் இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுது. நீ பக்கத்துல இல்லாம, அந்தச் சத்தம் இல்லாமப் பாட எனக்குப் பயமா இருக்கும்மா. உன்மேல பழியைப் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டேன்."

"பதினாறு வயசுல பயந்த, நாலு மாடி மிஷினைத் தூக்கிட்டு வந்தோம். முப்பத்தாறு வயசுலயும் தூக்கணுமா? உங்கப்பாவுக்கு முதுகு தாங்காதுடி."

மகள் சிரித்துவிட்டாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தாய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நான் முன்னாடி உட்காந்திருக்கேன். பயம் வந்தா என்னைப் பாரு. ஆனா நான் மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னதைச் செய்பவள் அவள் என்பதை மகள் அறிவாள்.

அவ்வாறே அரங்கு கூடியது. வலப்புறம் வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டு கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் கணவர் அருகே அமர்ந்த தாய், வேலையின்றிக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள். வண்டு ஒளிவட்டத்தின் நடுவே வந்து நின்றாள். நரம்புக்கருவியும் ஓய்ந்திருந்தது. முதற்சொல்லைத் தொடங்கினாள்; குரல் இடறியது. அவள் பார்வை தாயைத் தேடி வந்தது. தாயின் கால் தரையில் ஒருமுறை துடித்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், மகள் கரை சேர்ந்துவிடுவாள். தாய் ஒரு பாதத்தின்மேல் மறுபாதத்தை வைத்து அழுத்திக்கொண்டு, மகளைப் பார்த்தபடியே அசையாமல் இருந்தாள். எடுத்த தையலைப் பாதியில் விடாமல் இருக்க அவள் வாழ்நாளில் பட்ட பாடெல்லாம், அப்போது காலைத் தட்டாமலிருக்கப் பட்ட பாட்டுக்கு முன் ஒன்றுமில்லை.

மகள் மீண்டும் தொடங்கினாள். பதினொரு ஆண்டுகள் கோட்டின் கீழே கிடந்த அந்தப் பாடல், விரைய வேண்டிய கடன் ஏதுமின்றி, நிற்க விரும்பிய இடத்தில் நின்று, நடக்க விரும்பிய இடத்தில் நடந்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அரங்கையே காக்கவைத்து எழுந்தது. அடுத்தடுத்து ஒன்பது பாடல்கள் பாடினாள். கோடிட்டு ஒதுக்கப்பட்டவற்றுள் இவை ஒன்பது. எஞ்சியவற்றையும் அடுத்த ஆண்டுகளில் அவள் ஒவ்வொன்றாய் உலகுக்கு அளித்தாள். இன்று அவள் பெயரைச் சொல்வோர் முதலில் நினைப்பது அவற்றைத்தான்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியபோது தாய் மட்டும் எழவில்லை. மகளின் குரலில் அடியிலே மணல்போல் ஒரு கரகரப்பு உண்டென்பதும், உயரப் போகுமுன் அவள் மெல்ல ஒரு மூச்சு இழுப்பாள் என்பதும், நாடெல்லாம் இருபது ஆண்டுகளாய்க் கொண்டாடிய செய்திகள். ஆறடித் தொலைவில் அமர்ந்து, ஊசியின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் அவை புதியவை.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர், குனிந்து.

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து அவரைப் பார்த்தாள். "இவ்வளவு நல்லாவா பாடுவா இவ? என்கிட்ட யாருமே சொல்லலையே."

உலகமே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த சொல்தான் அது. ஒரு தாயின் செவிக்கு அது வந்து சேர, அவள் கால்கள் ஓய வேண்டியிருந்தது.