பல்லில்லாத பஸ்

"பல்லு எங்கடி?"

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் விழுந்த ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்த இசைவாணி, அம்மா கேட்டது காதில் விழாதது போல இன்னும் கொஞ்சம் துடைத்தாள்.

"ஒன்னத்தான்டி. அப்பா பல்செட்டு எங்க? ஒன் ரூம்புல வச்சிட்டு வந்ததா சொன்னாக."

"பையில இருக்கும்மா."

"குளிப்பாட்டும்போது எடுத்துக் குடு, மாட்டி விடச் சொல்வோம். ஊரே பாக்கும். பொக்கவாயோட அனுப்பக் கூடாது."

பாண்டியம்மாள் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போனதா என்று பார்க்க எழுந்து போனாள். நேற்றிலிருந்து அவள் இப்படித்தான் இருக்கிறாள். அழுவதற்கு உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

பெட்டிக்குள் அப்பா நல்லகாமன் கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்திருந்தார். நேற்றுக் காலையில் காபியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் நின்றே பொழுதை ஓட்டிய மனுஷன், உட்கார்ந்த இடத்தில் போய்விட்டாரே என்று சமயநல்லூர்க்காரர்கள் பந்தலில் சொல்லிக்கொண்டார்கள்.

பல் இசைவாணியின் பைக்குள் வந்த கதை வேறு. அவள் மதுரையில் ஒரு மாடி அறையில் அல் அமீனோடு சேர்ந்து கார்ட்டூன் வரைகிறாள். சென்னையில் ஒரு டிவி சேனலின் ஸ்டுடியோ, புது ஆட்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. தேர்வாகிறவர்கள் ஆளுக்கொரு குட்டிப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பைலட் என்பார்கள். பிடித்தால் தொடராக எடுப்பார்கள். இவளுடைய கதையில், முன்பக்கக் கம்பியெல்லாம் கழன்று பொக்கைவாயாகிப் போன பழைய டவுன் பஸ் ஒன்று பயணிகளைத் திட்டிக்கொண்டே ஓடும். கதை தேர்வாகிவிட்டது என்று அவள் போன் செய்தபோது, "பஸ்ஸுக்கு எதுக்குடா பைலட்டு? டிரைவர் பத்தாதா?" என்றார் நல்லகாமன்.

கார்ட்டூனில் குரல்தான் முதலில், வாய் பிறகு. குரலைப் பதிந்து வைத்துக்கொண்டு, அது போகிற போக்குக்கு வாயசைவை வரைய வேண்டும். சும்மா ஓர் அளவுக்கு இருக்கட்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டுப் பேச வைத்தாள். அவர் தாமாகவே பல்செட்டைக் கழற்றி ஒரு டம்ளரில் போட்டுவிட்டு மைக் முன்னால் நின்றார்.

"ஏறுறவன் ஏறு, எறங்குறவன் எறங்கு. படியில நிக்கிறவனே, நீ எந்தக் கணக்குலடா வார?"

எழுதிக் கொடுத்த வசனத்தில் அது இல்லை. அல் அமீன் சிரித்த சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அன்றைக்கு அவர் பல்லை மறந்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். கொண்டு வந்து தருகிறேன் என்று இவள் போனில் சொன்னாள்.

"இருக்கட்டும்டா. மாட்டிப் பழகிட்டா கொரலு மாறிப்போகும். அடுத்த ரெக்கார்டிங்குக்கு எப்படியும் கழட்டத்தான போறேன்."

அதிலிருந்து மூன்று வேளையும் குழைந்த சோறும் ரசமும்தான். கறி எடுத்த நாளிலும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். டிவியில என் குரல் வரப்போகுது என்று டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாப் ஓரிடம் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தார்.

அப்பா குரலுக்கே வாய் வரைந்து படத்தை அனுப்பிய பிறகுதான் சேனலில் இருந்து ரோகிணி பேசினாள். இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். படம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, பஸ்ஸுக்கு மட்டும் ஜனங்களுக்குத் தெரிந்த காமெடி நடிகர் ஒருவரைப் பேச வைக்கலாம் என்றாள். இசைவாணி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. பல்லைத் திருப்பிக் கொடுத்தாலே, இனி உங்கள் குரல் வேண்டாம் என்று சொன்ன மாதிரிதான். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். பல்லைப் போட்டு வைத்த டப்பா பையிலேயே கிடந்தது.

அப்பாவோடு வண்டி ஓட்டிய டிரைவர் இம்மானுவேல் பந்தலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா வருது, அப்பா படம்? டிப்போ பயலுக பூராப் பேருட்டயும் சொல்லி வச்சிருக்காப்ல. நானும் கேக்குறவனுக்கெல்லாம் வருது வருதுங்கிறேன்."

"வரும் மாமா."

அப்பா குரலில் வராது என்று தெரிந்தே சொன்னது. போனவரையும் ஏமாற்றியாயிற்று, இருக்கிறவரையும் ஏமாற்றுகிறோம் என்று நினைத்தபடி கையை விடுவித்துக்கொண்டாள்.

அல் அமீன் மாலையோடு வந்தான். போட்டுக் கும்பிட்டுவிட்டு, அவளைச் சமையல் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனான்.

"ரோகிணி மேடம் ஒனக்கு அடிக்கச் சங்கடப்பட்டு எனக்கு அடிச்சாங்க. நடிகர் கொரலு வந்துருச்சு. போட்டுப் பாத்தேன், ஒட்டவே மாட்டேங்குது. நீ வரஞ்சது அப்பா வாயி. 'ச' வர்ற எடத்துலெல்லாம் ஒதடு உள்ள போகுது. அந்தாளு நறுக்குநறுக்குன்னு பேசுறாரு."

"என்ன செய்யச் சொல்றாங்க?"

"வாய மட்டும் திருப்பி வரயணுமாம். ஒரு வாரம் தாராங்களாம். சரியா இல்லையான்னு இன்னைக்கே சொல்லணுமாம்."

இசைவாணி அங்கேயே நின்று ரோகிணியை அழைத்தாள்.

"ஐயோ இசை, இன்னைக்கு நீ பேசணும்னு இல்லப்பா."

"பரவால்ல மேடம். வாய மாத்த மாட்டேன். அப்பா குரலோடயே அனுப்புறேன்."

ரோகிணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ இப்ப இருக்குற நிலைமையில எடுக்குற முடிவில்ல இது. இருக்குற பைலட்ல ஒண்ணு ரெண்டுதான் தொடரா போகும். அந்த நடிகர் இருந்தா உன்னோடது நிச்சயம். இல்லன்னா என்னால வாக்குக் கொடுக்க முடியாது. உன்கூட வேலை செய்ற பையனையும் ஒரு வார்த்தை கேளு."

அவள் அல் அமீனைப் பார்த்தாள். இந்தத் தொடரை நம்பித்தான் அவன் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறான். அவனுக்குப் போனில் பேசியது பாதிதான் கேட்டிருக்கும். பந்தல் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்தான்.

"அனுப்பு. நானே ரூமுக்குப் போயி நெட்ல ஏத்தி விடுறேன்," என்றான். "பைக்லதான் வந்தேன்."

மதியத்துக்கு மேல் பெட்டியைத் திறந்து உடலை வெளியே எடுத்தார்கள். குளிப்பாட்டி முடித்ததும், பாண்டியம்மாளின் அண்ணன் மகன் கருப்பு இசைவாணியிடமிருந்து பல்செட்டை வாங்கி, தாடைக் கட்டைத் தளர்த்தி, மெதுவாக முயன்று பார்த்தான்.

"வாய் இறுகிப்போச்சு அத்த. பலவந்தமாத் தொறந்தா ஒதடு கிழிஞ்சிரும்."

எல்லோரும் பாண்டியம்மாளைப் பார்த்தார்கள். அவள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுருப்பா. மொரண்டு பிடிச்சா அவுகள யாரு மாத்த முடியும்?"

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். இசைவாணி முறை வந்தபோது குனிந்தாள். அந்த உதடுகளை அவள் எத்தனை விதமாக வரைந்திருக்கிறாள். 'அ'வுக்கு ஒன்று, 'ஓ'வுக்கு ஒன்று. மூடிய வாயைத்தான் கடைசியாக வரைந்தாள். அப்பா வாயை மூடி இன்றைக்கு முன் அவள் பார்த்ததில்லை. மூன்று தரம் அரிசியை விட்டதில் கொஞ்சம் உதட்டில் நின்றது, மீதி கன்னப் பள்ளத்தில் வழிந்தது. அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. பின்னால் நின்ற பெண்கள் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

கொட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அண்ணன் சூர்யபிரகாஷ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். இம்மானுவேல் மாமா நடக்க முடியாமல் யாரோ ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனார். பெண்கள் தெரு முக்குவரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவி விட்டார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அல் அமீனிடமிருந்து, "ஏறிருச்சு" என்று செய்தி வந்தது.

தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் பாண்டியம்மாள் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இசைவாணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் மடியில் டப்பா இருந்தது.

"இன்னும் பேச வேண்டியது கெடக்குன்னுதான இத மாட்டாமயே திரிஞ்சாக."

"ஆமா."

"எல்லாம் பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சும்மா."

பாண்டியம்மாள் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்து, பல்செட்டை உள்ளே போட்டு, ராத்திரிகளில் எப்போதும் இருக்கிற ஜன்னல் மேடையிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"காய விட்டா கீறல் விட்டுரும்டி," என்றாள்.