எஸ்தாக்கியின் சுருதி

எஸ்தாக்கி இறந்த பிறகு அவன் குரல் கிதாரில் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் இது புதிதல்ல. எதிர்வீட்டு ரொசிட்டாவின் மாமியார் கிரைண்டரிலிருந்து பேசினார். மார்க்கெட்டில் ஒருவருடைய தம்பி தராசில் இருந்தான். எடை போடும்போது மட்டும் முனகுவான். ஜெசிந்தாவுக்குக் கிதார் வாய்த்தது.

அது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று விற்கும் மலிவான எலெக்ட்ரிக் கிதார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த எஸ்தாக்கி, நாற்பதைத் தாண்டிய பிறகு ஆசைப்பட்டு வாங்கினான். கோயில் பாட்டு ஒன்றில் பாதி வாசிப்பான். மீதிப் பாதிக்கு விரல் வலிக்கும். இப்போது ஜெசிந்தா காலையில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, கம்பிகளை ஒருமுறை தடவினால் போதும். "ஜெசி, எந்திரிச்சிட்டியா" என்பான்.

குறை ஒன்றுதான். கிதாரின் தலையில் கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் கீக்கள் மட்டமானவை. உள்ளே பல்சக்கரம் வழுக்கும். கம்பி தளரத் தளர எஸ்தாக்கியின் குரலும் இறங்கும். மதியத்துக்கு மேல் அவன் தன் அண்ணனைப் போலப் பேசுவான். பொழுது சாயும்போது யாரோ ஒரு அந்நிய ஆண் அவளை ஜெசி என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். மறுபடி முறுக்கினால் குரல் ஏறும்தான். ஆனால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முறுக்குவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை.

கீக்களை மாற்றிவிட முடிவு செய்தாள்.

கிதார் பழுது பார்க்கும் கடை ஒரு காம்ப்ளக்ஸின் மாடியில், வராந்தாவின் கடைசியில் இருந்தது. அவள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. கீழிருந்து பார்த்தபோது இல்லாத ஒரு தையல் கடை வந்தது. பிறகு ஒரு பல் டாக்டர் வந்தார்.

"களைச்சுப் போயிருக்கீங்க. உக்காந்துட்டுப் போங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

கடைக்காரர் சில்வேரா கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"வீட்டுக்காரவுக."

"வலிக்குமான்னு மட்டும் கேக்காதீங்க. எல்லாரும் கேக்காங்க."

"வலிக்குமா?"

"தெரியாது."

கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். எஸ்தாக்கி இறங்கிக்கொண்டே போனான். "ஜெசி, கரண்டு போயிட்டா?" என்றான். அடுத்து எங்கோ ஒரு கப்பல் ஊதுவதுபோல இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

புதுக் கீக்கள் தடிமனானவை. சில்வேரா வட்ட அரத்தால் ஓட்டைகளைப் பெரிதாக்கினார். பழைய ஸ்க்ரூத் துளைகளில் தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தார். மேஜையில் விழுந்த மரத்தூளை ஜெசிந்தா வழித்தெடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவர் தடுக்கவில்லை. கம்பிகளை மாட்டி, சுருதி காட்டும் மீட்டரைப் பார்த்து முறுக்கினார். முள் நட்டநடுவில் நின்றது.

"வணக்கம், ஜெசிந்தா" என்றது கிதார்.

குரலில் பிசிறே இல்லை. ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிறவரின் குரல் அது.

"இது அவுக இல்ல."

"சுருதி சுத்தமா இருக்கு."

"அவுக கொஞ்சம் கீழ பேசுவாக."

"எவ்வளவு கீழ?"

அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கூட இருந்தும் அதை அளந்து வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்தாள். புதுக் கீக்கள் நிறுத்திய இடத்தில் நின்றன. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கண்ணியமான ஆண் இருந்தார். ஒருவர் அவள் வைத்த குழம்பைப் பாராட்டினார். ஒருவர் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று சொல்லவில்லை. எஸ்தாக்கி எந்த இடத்திலும் இல்லை. ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தளர்கிறபோது நடுவில் எங்கோ இருந்தவன் அவன். நிற்கிற கீயில் அவனுக்கு இடமில்லை என்பது புரிந்தபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

மறுபடி சில்வேராவிடம் போனாள். வராந்தா இன்னும் நீண்டிருந்தது. பல் டாக்டருக்கு நரைத்துவிட்டது.

"பழைய கீயையே மாட்டிக் குடுங்க."

"அது போயிட்டு. ஒருத்தங்க சொல்லி வச்சிருந்தாங்க."

"வழுக்குற கீ யாருக்கு வேணும்?"

"வழுக்குறதுதான் வேணும்னாங்க" என்று போல்பேட்டையில் ஒரு வீட்டைச் சொன்னார்.

அந்த வீட்டில் பால்வண்ணம் என்ற பெரியவரும் அவர் மனைவி செண்பகமும் இருந்தார்கள். கட்டிலின் மேல் ஒரு கிதார் கிடந்தது. அது அவர்கள் மகன் ஆவுடையின் கிதார். காலேஜ் முடிக்கும் முன்னால் இறந்துபோனவன். கிதாரிலிருந்து பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"கீயைத் திருப்பி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் ஜெசிந்தா.

"முதல்ல உக்காருங்க" என்றார் செண்பகம்.

"நல்ல கீதான் போட்டிருந்தோம்" என்றார் பால்வண்ணம். "எந்நேரமும் இருவது வயசுலயே நின்னான். எங்களுக்கு ஏறிக்கிட்டே போவுது, அவனுக்கு ஏறல. பாக்கச் சகிக்கல. இப்பப் பரவால்ல. மதியத்துக்கு மேல முப்பது ஆயிடுது. பொழுது அடைய நாப்பதுக்கு மேல போயிடுதான்."

"நேத்து கல்யாண வயசைக் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் செண்பகம். "அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தேன்."

மூவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையின் குரல் தடித்தது. அதே பரீட்சையைப் பற்றித்தான் பேசினான், ஆனால் இப்போது பிள்ளையின் பரீட்சைக்குக் கவலைப்படும் தகப்பனைப் போல. செண்பகம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஜன்னலில் வெயில் சிவந்தது.

"சாப்டியாம்மா?" என்றது கிதார்.

எஸ்தாக்கியின் குரல். ஷிப்டு முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளை இப்படித்தான் கேட்பான்.

"சாப்ட்டேன்" என்றார் செண்பகம். ஜெசிந்தாவும் அதே நேரத்தில் சொல்லியிருந்தாள்.

செண்பகம் திரும்பி அவளைப் பார்த்தார்.

"யாரு?"

"வீட்டுக்காரவுக."

அதற்குள் குரல் இன்னும் இறங்கி, யாருடையது என்று சொல்ல முடியாததாகியிருந்தது. பால்வண்ணம் எழுந்து லைட்டைப் போட்டார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். கீக்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

செண்பகம் வாசல்வரை வந்தார்.

"நாளைக்குக் கொஞ்சம் முந்தியே வாங்க" என்றார். "பிந்துனா உங்க வீட்டுக்காரரு தாண்டிப் போயிடுவாரு."