நாலு பள்ளம், மூணு மேடு

மடக்குக் கத்தித் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் உறுத்தல். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால், 'உறுத்தல் வருது, வாயை மூடு' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். பெயர் வரக் காரணமே அவள்தான். பிடி சோதிக்கும் படிவத்தில் பதினாறு வருடமாக அவள் அதிகம் எழுதிய சொல் அது. வலிக்கிறது என்று எழுதினால், எனக்கு வலிக்கவில்லையே என்று ஒருவர் சண்டைக்கு வருவார். பிடிக்கவில்லை என்று எழுதினால், அது உன் ருசி என்று இன்னொருவர் ஒதுக்கிவிடுவார். உறுத்துகிறது என்று எழுதினால் இடத்தைக் காட்டியாக வேண்டும். அவள் காட்டுவாள். 'இந்தாங்க, இந்தத் திருகாணித் தலை' என்று விரல் வைப்பாள். அதற்கு மேல் யாருக்கும் பேச்சு எழாது.

கத்தியின் கூர் பார்க்க வேறொருவர் இருந்தார். முன்கை முடியை மழித்து மழித்தே கூர் பார்ப்பதால், இடது கை மட்டும் குழந்தையின் கைபோல வழுவழுவென்று இருக்கும். அவளுடைய வேலை பிடி மட்டும்தான். கத்தியை ஐம்பது தடவை விரித்து மடக்குவாள். கையை நனைத்துக்கொண்டு பிடிப்பாள், எண்ணெய் தடவிக்கொண்டு பிடிப்பாள். பிறகு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் குச்சி சீவுவாள், கயிறு அறுப்பாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிடத்தில் மறைகிற சிவப்பு போகட்டும் என்று விட்டுவிடுவாள். அதற்குப் பிறகும் இருக்கிற சிவப்பு பிடியின் குற்றம். அவள் கையெழுத்து இல்லாமல் எந்த மாடலும் கேட்டைத் தாண்டாது. இது முதலாளியே போட்ட விதி.

முதலாளி அவளுடைய அக்காவின் கணவர். வீட்டில் அத்தான், கேட்டுக்கு உள்ளே சார். நல்ல மனிதர்தான். யாரையும் அதட்டிப் பேசமாட்டார், தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் கேள்வி கேட்கத் தெரியாத மனிதர். எதைக் காட்டினாலும், 'நல்லாருக்குல்ல?' என்றுதான் கேட்பார். அந்த 'ல்ல'வுக்குள்ளேயே பதிலையும் வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். எதிரில் நிற்பவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அந்த வருடம் பெரிய ஆர்டர் ஒன்று கனிந்து வந்தது. நாற்றுப்பண்ணை நடத்தும் ஓர் அம்மாள், செடிகளுக்கு ஒட்டுக்கட்டும் தன் வேலையாட்களுக்கு மூவாயிரம் மடக்குக் கத்தி கேட்டிருந்தார். முதலாளிக்குக் கலை பொங்கிவிட்டது. இந்தப் பிடியை நானே செய்கிறேன் என்று கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை களிமண்ணைப் பிசைந்து, உருட்டி, தன் வலது கையால் இறுகப் பிடித்தார். நாலு விரலுக்கு நாலு பள்ளம் விழுந்தது. பள்ளங்களுக்கு நடுவே மூன்று மேடு எழுந்தது. அதை அப்படியே அச்செடுத்து, கறுப்புப் பிடியாக வார்த்து, கத்தியில் பூட்டினார்கள். பார்க்க அழகுதான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

அதைத் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிக் காட்டினார். "நல்லாருக்குல்ல?"

"வெண்ணெய் சார்," என்றார் அச்சுக்காரர்.

"என் கைக்கே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு சார்," என்றார் கூர் பார்க்கிறவர். அவருக்கும் முதலாளிக்கும் ஒரே அளவுக் கை. அதனால் அது பொய்யும் இல்லை.

முதல் கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். அக்கா மொட்டை மாடியில் நாற்பது தொட்டி ரோஜா வளர்க்கிறவள், காலையும் மாலையும் செடி வெட்டுகிறவள். இரண்டாவது கத்தி தொழிற்சாலை முழுக்கக் கைமாறி, மூன்று வாரம் கழித்துத்தான் உறுத்தலின் மேஜைக்கு வந்தது.

அவள் இரண்டு மணி நேரம் குச்சி சீவினாள். முதல் கால் மணியிலேயே தெரிந்துவிட்டது. அவள் விரல்கள் பள்ளங்களோடு பொருந்தவில்லை. கை சிறியதென்பதால் ஆள்காட்டி விரல் மட்டும் முதல் பள்ளத்தில் நின்றது, மற்ற மூன்றும் நேராக மூன்று மேட்டின் மேல் ஏறிக்கொண்டன. கத்தியைத் திருப்பிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வெட்டினால் இன்னும் மோசம். ஒட்டுக்கட்டுகிறவர்கள் அப்படித்தான் வெட்டுவார்கள். பத்து நிமிடம் காத்திருந்தாள். அரை மணி நேரம் ஆகியும் மூன்று விரலிலும் மூன்று சிவப்புக் கோடு போகவில்லை. படிவத்தை எடுத்து, 'உறுத்துகிறது. மூன்று மேடும்' என்று எழுதினாள்.

மறுநாள் முதலாளி கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். படிவம் அவர் முன்னால் கிடந்தது.

"நாப்பது பேர் பிடிச்சுப் பார்த்தாங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லல."

"பிடிச்சுப் பார்த்தாங்க சார். வெட்டிப் பார்த்தாங்களா?"

"பிடிக்கும்போதே தெரியுமே."

"பிடிச்சா உங்க கை எங்க இருக்குன்னு தெரியும். வெட்டினாத்தான் நம்ம கை எங்க இருக்குன்னு தெரியும். மேட்டைச் சீவி எடுத்துடுங்க சார். வழுவழுன்னு நடுவுல கொஞ்சம் புடைச்சு விட்டாப் போதும், எந்தக் கையும் தனக்கு வேணுங்கற இடத்துல பிடிச்சுக்கும்."

"அப்ப அதுல என் வேலை என்ன இருக்கு?" என்றார் அவர். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியத்துக்குள் புதுப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. உறுத்தல் உண்டா என்ற வரியே அதில் இல்லை. பிடிமானம் எப்படி என்ற கேள்விக்குக் கீழே இரண்டே கட்டம். ஒன்று நன்று, இன்னொன்று மிக நன்று. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் கோபமும் வந்தது. பதினாறு வருடம் கையைத் தேய்த்து உட்கார்ந்த மேஜை இது. பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதற்குக் கீழே 'உறுத்துகிறது' என்று எழுதி, அந்தக் கட்டத்தில் டிக் அடித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமனே விட்டுக் கோப்பில் சேர்த்தாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"ஒரு கையெழுத்துதானடி. போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீ இதுல தலையிடாத."

"அவர் ஆசை ஆசையா செஞ்சது. சின்னக் குழந்தை மாதிரி ரெண்டு நாளா சாப்பிடாம உக்காந்திருக்கார். உன் பிடிவாதத்தால என் வீட்டுல அடுப்பு எரியல."

"ரெண்டு நாள் சாப்பிடலன்னா அத்தானுக்கு நல்லதுதான்."

"நானும்தான் மூணு வாரமா அந்தக் கத்தியை வச்சிருக்கேன். எனக்கு நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அக்கா கையும் அவள் கையும் ஒரே அச்சு. கல்யாணத்துக்கு முன் ஒரு ஜோடி வளையலை ஆளுக்கு ஒரு நாள் போட்டுக்கொண்டவர்கள். புருஷனுக்காக அக்கா பொய் சொல்கிறாள் என்று ஒரு பக்கம் தோன்றியது. என் கைதான் கெட்டுப்போய்விட்டதோ என்று இன்னொரு பக்கம் அரித்தது. போனை வைத்தாள்.

பண்ணைக்கார அம்மாள் மறுநாள் காலை வந்தார். வாட்டசாட்டமான ஆள், வாய் நிறையப் பேச்சு. கத்தியை வாங்கிப் பிடித்துப் பார்த்து, "அட, நல்லாருக்கே," என்றார். முதலாளியின் முகம் மலர்ந்தது. அம்மாள் கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன, பேனாவால ஒரு கட்டம்?"

"அதுவா, எங்க மச்சினி விளையாட்டு," என்று முதலாளி சிரித்தார். விளையாட்டு என்றால் அவளைக் கூப்பிடுங்களேன் என்றார் அம்மாள்.

அவள் உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"விளையாட்டு இல்லீங்கம்மா. நாள் முழுக்க வெட்டினா விரல் புண்ணாகும்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"உங்க கை எங்க சார் கை அளவு இருக்குங்கம்மா. உங்க பண்ணையில வெட்டுறவங்க கை எப்படி?"

அம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "பாதிக்கு மேல பொண்ணுங்க. ஒவ்வொருத்தர் முகமும் எனக்குத் தெரியும். கையை யார் பார்த்தா?"

முதலாளிக்கு இதுதான் சமயம் என்று பட்டது. போனை எடுத்து மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மனைவியைக் கூப்பிட்டார். "என் வீட்டுக்காரி கையும் இவ கையும் ஒரே அளவு. அவ வாயாலயே கேளுங்க." மணி அடித்தது, அக்கா எடுத்தாள். "இங்க பண்ணைக்காரம்மா வந்திருக்காங்க. அந்தக் கத்தி நல்லாருக்குல்ல?"

போனில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றாள் அக்கா. "நல்லாருக்கு."

முதலாளி போனை அணைத்துவிட்டு, புதுப் படிவத்தையும் பேனாவையும் மச்சினிக்கு முன்னால் தள்ளினார். "இப்பப் போடலாமில்ல?"

"போட மாட்டேன் சார்."

"உங்க அக்காவே சொல்லிட்டா."

"அக்கா சொன்னா அக்கா கையெழுத்து போடட்டும். என் கை சொல்றதுக்குத்தான் நான் போடுவேன்."

"அப்ப இன்னையிலிருந்து நீ பேக்கிங்."

"சரி சார். பெட்டி மடிப்பேன், கத்தியைத் துடைப்பேன், லேபிள் ஒட்டுவேன். இதுக்குக் கையெழுத்து மட்டும் என்கிட்டேருந்து வராது."

பேக்கிங் பகுதியில் இருந்தவர்கள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அட்டைப்பெட்டிகளை மடிக்கத் தொடங்கினாள். முதல் பெட்டி கோணிக்கொண்டு நின்றது. முதலாளிமேல் அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் அப்படித்தான், தெரிந்த கதை. கூடப் பிறந்தவள் நாலு பேர் கேட்க, தண்ணீர் விட்டுக்கொண்டே ஒரு வார்த்தையில் கவிழ்த்துவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று ஒரு பெட்டிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

பதினைந்தாவது பெட்டியோ பதினாறாவதோ மடித்துக்கொண்டிருந்தபோது, பேக்கிங் பகுதியில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வந்துகொண்டிருந்தாள். வீட்டில் கட்டியிருந்த ஈரப் புடவை, வாரிமுடியாத தலை. தொழிற்சாலை வாசலை ஆயுதபூசை மாதிரி நல்ல நாளுக்குக்கூட மிதிக்காதவள், இயந்திரங்களுக்கு நடுவே யாரையும் பார்க்காமல் நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். தங்கை பெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

உள்ளே முதலாளி எழுந்து நின்றிருந்தார். பண்ணைக்கார அம்மாள் உட்கார்ந்தபடியே பார்த்தார். அக்கா கத்தியை மேஜைமேல் வைத்தாள். வலது கையை விரித்து அதன் பக்கத்தில் வைத்தாள். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல், மூன்றிலும் பிளாஸ்திரி. ஒன்றை உரித்துக் காட்டினாள். தோல் கழன்று, உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது.

"போன்ல இதை எப்படிக் காட்டுறது?" என்றாள்.

முதலாளி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வாரமா ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நல்லாருக்குல்லன்னு சொன்னீங்க. ஆமான்னேன். இருபத்தாறு வருஷமா அதுதானே பழக்கம்."

அவர் மச்சினி பக்கம் திரும்பினார். "நீ வரச் சொன்னியா?"

"அவளை ஏன் பார்க்கிறீங்க?" என்றாள் அக்கா. "அவளும்தான் கேக்கல. ஊர்ல இருக்கிற கையையெல்லாம் பார்த்து நியாயம் பேசுறவ, கூடப் பிறந்தவ கை எப்படியிருக்குன்னு ஒரு நாள் கேட்டிருப்பாளா?"

அது அவளுக்குச் சரியான இடத்தில் போய்த் தைத்தது. நேற்று போனில்கூட அக்கா சொன்னதைக் கேட்டாளே தவிர, எதையும் கேட்கவில்லை. கதவருகிலேயே, உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நின்றாள்.

பண்ணைக்கார அம்மாள் கத்தியைக் கையில் எடுத்து, மேடுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முதலாளிக்கு வியர்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு மனைவியிடம் சொன்னார். "சரி, நீ கிளம்பு. வீட்டுல பேசிக்கலாம்."

அக்கா சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேஜைக்கு முன்னால், பண்ணைக்கார அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போனா நான் நல்லாருக்குன்னு சொல்லிடுவேங்க," என்றாள். "இங்கயே பேசுங்க."