எட்டாவது ஸ்குரு

டிபன் பாக்ஸ் மூடியில் ஏழு ஸ்குரு கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் பிரியட்டும் என்று மருதை மூடியை லேசாக ஆட்டிப் பார்த்தான். பிரிந்தது, ஆனாலும் ஏழுதான். தரையில் மண்டி போட்டுக் கையால் தடவினான். வண்டிக்கு அடியில், ஜாக்கிக்குப் பின்னால், கிரீஸ் டப்பா வைத்த மூலையில் என்று எல்லா இடமும் தடவினான். சட்டைப் பையை உள்பக்கம் வெளியே இழுத்து உதறியதில் ஒரு பீடித் துண்டும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. நெல் நீளத்துக்கு இருக்கிற சாமான். கையிலிருந்து போனால் போனதுதான். ஆனால் அது கையிலிருந்து போகவில்லை என்பதுதான் அவனை அரித்தது.

வண்டி ஸ்ரீரங்கம் உத்தர வீதி யதிராஜனுடையது. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், பெங்களூரில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற ரேஸ் மாடல் பைக்கைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். அந்த எஞ்சினுக்குக் காற்று போக நான்கு குழாய். ஒவ்வொரு குழாயிலும் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, ஜன்னலுக்கு இரட்டைக் கதவு போட்ட மாதிரி. கீழ்க்கதவு ஓட்டுகிறவன் கை முறுக்கினால் திறக்கும். மேல்கதவு அவன் கையில் இல்லை. இவ்வளவுக்கு மேல் உறுமக் கூடாது என்று சட்டம் இருப்பதால் கம்பெனிக்காரன் வைத்தது அது. வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் பார்த்து, போனால் போகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும். கொள்ளிடம் பாலத்தில் ஒரு லாரியைத் தாண்டும்போது முழுசாக முறுக்கியும் வண்டி ஒரு மூச்சு யோசித்ததாம். எதிரில் பஸ். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பெருமாள் புண்ணியம் என்றார் யதிராஜன். அந்த மேல்தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும், வேறொன்றும் இல்லை.

முறைப்படி அந்தக் குழாய்க் கூட்டத்தை அப்படியே பெயர்த்து மேசையில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். பட்டறை முதலாளி பீமராவுக்கு அதற்குப் பொறுமையில்லை. “வண்டிலேயே வச்சுக் கழட்டு மருதை. கீழ்க்கதவு மூடித்தானே இருக்கு, எது உழுந்தாலும் அதுமேலதான் உழும்” என்றுவிட்டார். மருதையும் டேங்கைத் தூக்கி, ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டு, குழாய்களின் மேல் குனிந்தான். தகட்டுக்கு இரண்டு ஸ்குரு. கழன்று விழாதபடி ஒவ்வொன்றின் முனையையும் கம்பெனியில் தட்டி நசுக்கிவிட்டிருந்தான் எவனோ. ஒவ்வொன்றும் பல் பிடுங்குகிற மாதிரி வந்தது. எட்டாவது ரொம்ப முரண்டு பிடித்தது. ஒருவழியாக விரலுக்கு வந்ததும் அதை உதட்டில் வைத்துக்கொண்டான்.

அது சென்ட்ரிங் வேலையில் வந்த பழக்கம். சாரத்தில் நின்று பலகை அடிக்கிறவனுக்கு ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் பலகை, ஆணிக்கு வாய்தான். ஆணி வாயில் இருக்கிறபோதே பாட்டுக்கூடப் பாடியிருக்கிறான். பிறகு சாரம் சரிந்து தோள்பட்டை இறங்கி, கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாமல் போனபோது பீமராவ்தான் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். வேலையெல்லாம் கற்றுக்கொண்டான். வாய் மட்டும் பழைய வேலையிலேயே இருந்தது.

ஸ்குரு உதட்டில் இருந்த அந்த நேரத்தில்தான் யதிராஜன் ஹேண்டில்பார் பக்கம் நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் வலது கை சும்மா இருக்காமல் ஆக்சிலேட்டரைப் பிடித்து முறுக்கியது. மருதையின் மூக்குக்குக் கீழே நான்கு கீழ்க்கதவும் திறந்தன. நான்கு கறுப்பு ஓட்டை. ‘தொடாதீங்க’ என்று கத்த வாயெடுத்தான். சத்தம் வரவில்லை. ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனது. யதிராஜன் கையை எடுத்தார், கதவுகள் மூடின. வாயில் ஸ்குரு இல்லை.

வைத்த ஞாபகம் உதட்டில் இருக்கிறது. போன ஞாபகம் எங்கேயும் இல்லை. தொண்டையில் உறுத்தவில்லை. குழாய்க்குள் டிங் என்று கேட்டிருந்தாலும் அந்த ஹாரனில் கேட்டிருக்காது.

“யோவ், எத்தனை தடவ சொல்லிருக்கேன். வாய் என்ன டூல் பாக்ஸா ஒனக்கு?” பீமராவ் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து டார்ச்சை அடித்தார். குழாய் கொஞ்ச தூரம் நேராகப் போய் வளைந்துவிட்டது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று டார்ச்சுக்குத் தெரியாது. காந்தக் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். மிச்சம் ஏழையும் அந்தக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தபோது ஒன்றுகூட ஒட்டவில்லை. காந்தத்துக்கு மசியாத ஜாதி.

“ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா?” என்றார் யதிராஜன்.

“பாக்கலாம் சார். உள்ள இருந்துச்சுன்னா தெரிஞ்சுரும். அப்பறம் எஞ்சின்தான் இருக்காது.”

யதிராஜன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “நான் லேசாத்தான் தொட்டேன்” என்றார், யாரும் கேட்காமலே. பீமராவ் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி டார்ச்சை அணைத்தார். வாடிக்கையாளரை ஏசுவது அவர் வழக்கமில்லை. மருதைக்கு வாய் வரைக்கும் வந்தது. ‘லேசா இல்ல சார், முழுசா.’ வந்ததை அப்படியே விட்டுவிட்டான். சொல்லி என்ன ஆகப்போகிறது? வாயில் வைத்தது யார் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

பீமராவ் அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தணித்தார். தணிந்த குரல்தான் மருதைக்குப் பயம். “இந்த வண்டிக்கு எஞ்சின் ஹெட்டைத் தொறந்தா மூடறதுக்கு சாமான் இங்க கெடைக்காது. ஊர் பூரா பேர் கெட்டுரும். உள்ள கெடந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ணமுடியாது மருதை. நீ சென்ட்ரிங்குக்கே போயிக்க வேண்டியதுதான்.”

மருதை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பலகையைத் தூக்கி மேலே நிற்கிறவனிடம் கொடுப்பது கண்ணுக்குள் வந்தது. பாதி வரைக்கும்தான் வந்தது, கை அதற்கு மேலே போகவில்லை.

“எனக்கு என்னமோ முழுங்கிட்டேன்னுதான் தோணுது” என்றான்.

“தோணுதா, முழுங்குனியா?”

“தோணுது.”

பீமராவ் அவன் வயிற்றைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். “செரி, வா. எஞ்சினைத் தொறக்கறதுக்கு முன்னால ஒன்னத் தொறந்து பாத்துருவோம்.”

எக்ஸ்ரே எடுக்கிற இடம் நான்கு கடை தள்ளித்தான். அங்கே இருக்கிற டாக்டரின் ஸ்கூட்டர் இவர்கள் பட்டறையில்தான் சர்வீஸ் ஆகிறது என்பதால் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதி வாங்கச் சிரமம் இல்லை. மூவருமாக நடந்தார்கள். நடக்கும்போது மனைவி வள்ளிக்கண்ணு போன் செய்தாள், சாப்பிட்டாச்சா என்று.

“ஸ்குரு முழுங்கிட்டேன் போலருக்கு. எக்ஸ்ரே எடுக்கப் போறோம்.”

“ஒடம்புல இரும்பு கம்மின்னு டாக்டரு சொன்னது என்னையத்தானே, ஒங்களையில்லையே” என்றாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. “வலிக்குதா? நான் வரவா?”

“வலிக்கல. வலிச்சாத் தேவலாம்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது, எதற்காக வேண்டிக்கொண்டு நடக்கிறோம் என்று. வெக்காளியம்மா, வயித்துலயே இருக்கணும். கொடலக் கிழிச்சாலும் பரவால்ல, எஞ்சினுக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுசன் சாமியிடம் கேட்கிற வரமா இது? எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். பக்கத்தில் யதிராஜன் போனில் யாருக்கோ, வண்டி மத்தியானத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

உள்ளே சுவரில் ஒரு பலகை தொங்கியது. மருதை நாற்பது தாண்டித்தான் எழுத்து கற்றுக்கொண்டான். எங்கே பலகையைக் கண்டாலும் படிக்காமல் தாண்ட முடியாது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். உடம்பில் உள்ள உலோகப் பொருட்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு வரவும். இன்னொரு தடவை படித்தான். சிரிப்பதா, அந்தப் பலகையைக் கழற்றி எறிவதா என்று தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுக்கிற பெண் பெயர் லிசி என்று சட்டையில் குத்தியிருந்தது. “என்னண்ணே முழுங்கினீங்க?”

“ஸ்குரு.”

“எத்தனை?”

“ஒண்ணு. இல்லாட்டி ஒண்ணும் இல்ல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அரைஞாண் கயித்துல தாயத்து, சாவி ஏதாச்சும் இருக்கா?”

“வெறும் கயிறும்மா.”

“மூச்சை இழுத்துப் பிடிங்க.”

பிடித்தான். சில்லென்ற பலகையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றபோது, இழுத்த மூச்சை விடவே மனசில்லை. விட்டால் தெரிந்துவிடும்.

லிசி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் விலா, முதுகெலும்பு, புகை மூட்டம் மாதிரி குடல். இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் மேலே, அத்தனை சாம்பலுக்கும் நடுவில், சுண்ணாம்பில் பொட்டு வைத்த மாதிரி வெள்ளையாக ஒன்று. தலை தெரிந்தது. மரை தெரிந்தது. நசுங்கின முனைகூடத் தெரிந்தது.

“அடி சக்கை” என்று பீமராவ் தொடையில் தட்டினார். “பெருமாள் காப்பாத்திட்டார்” என்று யதிராஜன் கண்ணை மூடினார். மருதைக்கும் சிரிப்பு வந்தது. மூன்று ஆண்கள் ஒரு வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். லிசி மட்டும் சிரிக்கவில்லை. “டாக்டர்ட்ட காட்டிட்டுப் போங்கண்ணே. வயித்த வலி, வாந்தி, ரத்தம் எது வந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரி. முனை கூரா இருக்கு பாருங்க” என்றாள். அப்போதுதான் அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மருதையின் சிரிப்புதான் கடைசியில் நின்றது.

டாக்டர், தானாக வந்துவிடும், பார்த்துக்கொள், மறுபடி வந்து ஒரு படம் எடு என்றார். பீமராவ் வழியில் ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கி மருதையின் கையில் கொடுத்தார். “பூராத்தையும் சாப்புடு.” அது அவருடைய மன்னிப்பா, சாமானை மீட்கிற அவசரமா என்று மருதையால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பட்டறையில் டப்பாவை மாட்டி, டேங்கை இறக்கி, எல்லாம் அவன்தான் பூட்டினான். குனியும்போதெல்லாம் கை தானாக வயிற்றுக்குப் போய் வந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் கஷ்டமாக இருந்தது. பீமராவ் நான்கு தகடுகளையும் துடைத்து ஒரு கவரில் போட்டார். கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவது இந்தப் பட்டறை வழக்கம், திருடி வைத்துக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

“ஸ்குருவும் வேணும்” என்றார் யதிராஜன். “வண்டியை விக்கறச்சே திருப்பி மாட்டணும். எட்டும் வேணும்.”

பீமராவ் மருதையைப் பார்த்தார். யதிராஜனும் மருதையைப் பார்த்தார். முகத்தை இல்லை.

“வந்ததும் சேத்துக் குடுத்துடறோம் சார். அதுவரைக்கும் ஏழும் இங்கயே இருக்கட்டும்.”

“நன்னா அலம்பிட்டுக் குடுங்கோ” என்றார் யதிராஜன். பீமராவ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த ஆள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அது மருதைக்கும் தெரியும். தெரிந்தும் கையில் இருந்த பழத்தின் தோல் நசுங்கியது.

யதிராஜன் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். காலையில் வந்தபோது வண்டி பூனை மாதிரி வந்தது. இப்போது டேங்குக்கு அடியிலிருந்து, எதையோ ஒரே மடக்கில் உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. முறுக்க முறுக்க உறுமிக்கொண்டு ஏறியது. தகரக் கூரை அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் திரும்பிப் பார்த்தான். இப்போது வண்டி யோசிக்கவே இல்லை. கை சொன்ன மாத்திரத்தில் கத்தியது.

மருதை வண்டியின் முன்னால் போய் நின்றான்.

“நீங்கதான் முறுக்குனீங்க” என்றான். “லேசா இல்ல. முழுசா முறுக்குனீங்க. நான் சொல்ல வாயெடுத்தேன்.”

காலையிலிருந்து தேக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. அந்த உறுமலில் அவன் பேசுவது அவனுக்கே கேட்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் யதிராஜன் சிரித்தார். வேலை பிரமாதம் என்று சொல்கிறான் என்றுதான் நினைத்திருப்பார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி ஒருமுறை முழுசாக முறுக்கினார்.

மேசைமேல் டிபன் பாக்ஸ் மூடி நடுங்கியது. ஏழு ஸ்குருவும் கலகலவென்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதித்தன. மூடி கொஞ்சம் கொஞ்சமாக மேசை விளிம்புக்கு நகர்ந்து வந்தது. பிடிக்க மருதையின் கை போனது. பாதி வழியில் அவனே அதை நிறுத்திக்கொண்டான்.