செலஸ்ரீனாவுக்குப் பதில் ஆள்

இத்தாலியின் பாலெர்மோவில் செலஸ்ரீனா துடைக்காத மாபிள் தரை ஏதாவது மிச்சமிருந்தால், அது கடலுக்கு அடியில்தான் இருக்கவேண்டும். முப்பது வருடம் துடைத்தாள். ஐம்பத்திரண்டாவது வயதில் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் அறிவித்தன. நல்லவேளையாக, முதியோர் இல்லம் ஒன்று நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது. அதற்குப் பராமரிப்புப் பயிற்சி முடிக்கவேண்டும். பயிற்சியில் சேர எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். மன்னாரில் படித்ததற்கான பத்திரங்களெல்லாம் போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டன.

பல்லரோ சந்தைக்குப் பின்னால் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் இருந்தது. படிப்பு இலவசம், காப்புறுதிக்கு மட்டும் பத்து யூரோ. சேரும்போது வகுப்பில் இருபத்தாறு பேர், மார்ச்சுக்குள் பதினொருவர். மற்றவர்களை ஹோட்டல் சமையலறைகளும், வீட்டுவேலை வாங்கும் எசமானி அம்மாக்களான சிஞ்ஞோறாக்களும் விழுங்கிவிட்டார்கள். "நூறு மணித்தியால வகுப்பில் எழுபது மணித்தியாலம் வந்தால்தான் பரீட்சை" என்று ரீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

செலஸ்ரீனா அதற்கெல்லாம் பயப்படவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குத் தங்கை போவாள். தங்கைக்குக் கலியாணவீடு என்றால் மச்சாள் போவாள். தரை பளபளத்தால் போதும், யார் துடைத்தது என்று எந்தச் சிஞ்ஞோறாவும் குனிந்து பார்த்ததில்லை. பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் வேலைசெய்த, பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்துச் சிஞ்ஞோறா பின்னேரம் விருந்து வைத்த நாட்களில், வகுப்புக்குக் கணவன் ஸ்ரனிஸ்லாஸை அனுப்பினாள்.

"நான் அங்கை போய் என்னத்தைச் செய்யிறது?" என்றான் அவன்.

"சும்மா இருங்கோ. அது உங்களுக்கு நல்லா வருமே!"

சும்மா இருக்கப் போனவனிடம் ரீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். இத்தாலியில் எந்தக் காகிதத்துக்கும் செய்வதுபோல அவன் அதை வாசிக்காமலே கையெழுத்து வைத்தான். அதோடு அவனும் மாணவன். மனுசனுக்குப் படிப்பு பிடித்துப்போயிற்று! இரவுச் சாப்பாட்டில் பிட்டை வட்டமாகப் பரப்பி அதன் பரப்பளவைக் கண்டுபிடித்த பிறகுதான் வாயில் வைப்பான். அதற்குள் மீன்குழம்பு உறைந்துவிடும்.

எண்பது மணித்தியாலம் முடிந்த அன்று கதவில் பட்டியல் ஒட்டினார்கள். செலஸ்ரீனா ஐம்பது, ஸ்ரனிஸ்லாஸ் முப்பது. அவள் ரீச்சரிடம் பாய்ந்தாள்.

"ரெண்டையும் கூட்டுங்கோ ரீச்சர்! எண்பது வருது."

"அவர் வேறு ஆள், நீங்கள் வேறு ஆள்."

"என்ன கதை இது? கோயிலிலை சாமியார் எங்களை ஒண்டெண்டு சொல்லித்தானே கட்டிவைச்சவர்!"

ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "பரீட்சைக்கும் அவரைத்தான் அனுப்புவீர்களா?"

அப்படியொரு யோசனை இருந்ததைச் செலஸ்ரீனா வெளியே விடவில்லை.

மிச்சம் இருபது மணித்தியாலம். ஒரு மணி தவறினாலும் பரீட்சை இல்லை, பயிற்சி இல்லை, இல்லத்து வேலையும் இல்லை. அன்று தொட்டு அவள் வகுப்புக்குப் போக, ஸ்ரனிஸ்லாஸ் சிஞ்ஞோறா வீட்டுக்குப் போனான். கடைசி வகுப்பன்று அந்த வீட்டில் பேத்தி தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கியதற்கு விருந்து. ஐம்பது விருந்தினர், பாலெர்மோ முழுவதற்கும் போதுமான இனிப்பு. வகுப்பு நடுவில் செலஸ்ரீனாவின் போன் அலறியது.

"உன் கணவர் மேசைவிரிப்பின் மூலைகளை அளந்துகொண்டிருக்கிறார்! நீ உடனே வா!" சிஞ்ஞோறாவின் குரல் கடைசி வரிசை வாங்குவரை கேட்டது.

முப்பது வருடமாக அந்தக் குரலுக்கு அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: இதோ வருகிறேன். முழங்கால்கள் பழக்கதோஷத்தில் எழும்பப் பார்த்தன. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, "வரமாட்டேன் சிஞ்ஞோறா, வகுப்பில் இருக்கிறேன்" என்று இத்தாலியத்தில் சொல்லிப் போனை நிறுத்தினாள். வகுப்பு கைதட்டியது, சந்தையில் மீன் விற்றவனும் தட்டினான் என்பது அவளுடைய கணக்கு.

ஜூனில் பத்துக்கு ஆறு எடுத்துத் தேறினாள். அடுத்த நாளே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். ஸ்ரனிஸ்லாஸ் செப்டெம்பர் வகுப்புக்குப் பதிந்துவிட்டு மெதுவாக வந்து பக்கத்தில் இருந்தான்.

"செலஸ், எனக்கு வேலை இறுகினா, ஒரு நாள் ரெண்டு நாள் நீ போய் இருக்கிறியோ?"

"பாஸ் பண்ணின ஆக்களைப் பதிலுக்கு அனுப்பேலாது" என்றாள் அவள். "வேணுமெண்டா தங்கச்சியைக் கேளுங்கோ."